நன்னீர் மீனும் உலோக நஞ்சும்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆற்றுமீனும் ஏரிமீனும் சிறுபொருட் செலவில் நல்லூட்டந் தருவன என்பதை யாவரும் அறிவோம். அவ்வுணவிலே கட்புலனாகா நஞ்சு புகுந்தால் விளையுங் கேடு யாது? அதனை இன்று ஒருவாறு ஆராயப் புகுகின்றோம்.

கனடா தேசத்து ஒண்டாரியோ மாகாணத்திலே, டிரைடன் என்னும் ஊரில் காகித ஆலையைச் சார்ந்த இரசாயனத் தொழிற்சாலையொன்று, 1962 முதல் 1970 வரையில் ஏறக்குறைய 9,000 கிலோகிராம் பாதரசத்தை வாபிகூன் ஆற்றிலே கழித்தது. அவ்வாற்று நீர் செல்லும் கீழ்ப்பகுதியில் கிராசி நாரோஸ் என்னுமிடத்து வாழும் ஆதிகுடிகளுக்கு மீனே உணவு, மீனே தொழில். 1970-இல் மீனிலுள்ள நஞ்சு வெளிப்பட, மீன் வாணிகம் நின்றது. 1975-இல் அங்குச் சென்ற ஜப்பானிய வைத்தியர் மசசூமி ஹராடா, உறுப்பு மரத்தல், பார்வை குறுகல் முதலிய குறிகளை அம்மக்களிடத்துக் கண்டார். இன்றும் அவ்வாற்று மீனை நஞ்சு விட்டபாடில்லை.

இஃது எங்ஙனம் நிகழ்வது? ஆற்றடிச் சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் பாதரசத்தை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. அதனைச் சிற்றுயிர்கள் கொள்ள, அவற்றைச் சிறுமீன்கள் உண்ண, சிறுமீன்களைப் பெருமீன்கள் விழுங்க, படிதோறும் நஞ்சு பெருகுகின்றது. ஆதலின் நீரிலே மிகச் சிறிதாய் இருப்பது மீனிலே மிகப் பெரிதாகின்றது. ‘நீரைச் சோதித்தோம், குற்றமில்லை’ என்பார் கூற்றில் நாம் மன அமைதி கொள்ளலாகாது. சேற்றையும் மீனையும் உடன் சோதித்தல் வேண்டும்.

வேகவைத்தலாலும் பொரித்தலாலும் உப்பிட்டு உலர்த்தலாலும் இந்நஞ்சு நீங்காது. அது தசையோடு பிணைந்து நிற்பது. காரீயமும் காட்மியமுமோ செவுள், ஈரல், சிறுநீரகம் ஆகியவற்றிலே மிகுதியுந் தங்குவன. அவற்றைக் களைந்து சமைத்தல் நலம். மெத்தில் பாதரசம் தாயின் வயிற்றிலுள்ள சிசுவின் மூளையையும் தாக்கவல்லது. ஆகவே ஆலைக்கழிவு சேரும் நீர்நிலையிற் பிடித்த விரால் போன்ற ஊனுண்ணும் பெருமீன்களைக் கருவுற்ற பெண்டிரும் குழந்தைகளும் விலக்குதல் வேண்டும். மீனுணவையே துறத்தல் வேண்டா. தூயநீரிற் பிடித்த சிறுமீன்கள் நன்மையே பயக்கும்.

‘மீன் பிடிக்காதே’ என்று வலைஞனைத் தடுத்தல் எளிது. ஆயின் அவன் நஞ்சிட்டவனல்லன்; பிழைப்பை இழப்பவன் மட்டும் அவனே. கழிவை ஆலைவாயிலிலே தடுத்தலே முறையாகும். நம் ஊர் ஏரியிற் கழிவுநீர் கலப்பதைக் கண்டால் நம் சங்கத்தார் உடனே அதிகாரிகளுக்கு விண்ணப்பஞ் செய்தல் வேண்டும். சேற்றிற் படிந்தபின் வருந்துவதாற் பயனில்லை என்பதற்குக் கிராசி நாரோஸே சான்று.