கால்வாய்க்கு ஒரு துறை, கிணற்றுக்கு ஒரு துறை: பஞ்சாப் தரும் பாடம்



பஞ்சாபின் மத்திய மாவட்டமான சங்ரூரில் நிலத்தடி நீர் ஆண்டுதோறும் கீழே இறங்குகிறது. தென்மேற்கிலுள்ள முக்த்சரிலோ நீர் மேலேறி, வயல்கள் உப்புப் பூத்துச் சதுப்பாயின. இவ்விரண்டு கேடுகளுக்கும் வேர் ஒன்றே. முக்த்சரின் நிலத்தடி நீர் உவர்ப்பானது. ஆகவே இறைப்பார் குறைவு. கால்வாய்க் கசிவு மண்ணுக்குள் தேங்குகிறது. சங்ரூரின் நீர் நன்னீர். நெல்லுக்குக் கால்வாய் நீர் போதாததால் இரவுபகலாக இறைக்கப்படுகிறது. 2023ஆம் ஆண்டின் மதிப்பீட்டின்படி, மாநிலத்தின் நிலத்தடியில் எடுக்கத்தக்க நீர் 100 பங்கு என்றால், எடுக்கப்படுவது 160 பங்குக்கும் மேல்.

இரு நீரையும் இணைத்து ஆள்வதே தீர்வு. மழைக்கால உபரியைக் கால்வாய்வழி பரப்பி நிலத்தடியை நிரப்பவேண்டும். வறண்ட மாதங்களில் கிணற்றிலிருந்து எடுக்கவேண்டும். உவர்நீரை நன்னீரோடு அளவறிந்து கலந்து பாய்ச்சவேண்டும். இது வெறுங்கனவன்று. மேற்கு உத்தரப் பிரதேசத்தில் மத்திய கங்கைக் கால்வாயின் லகாவ்டி கிளைப் பகுதியில் மழைக்கால நீர் விடப்பட்டது. 1988இல் சராசரியாக 12 மீட்டர் ஆழத்திலிருந்த நீர்மட்டம் 1998இல் 6.5 மீட்டருக்கு உயர்ந்தது.

பிறகு தடை எங்கே? கால்வாய் அரசின் கையில் இருக்கிறது. நிலத்தடி நீரோ 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டத்தின் நிழலில் நில உடைமையாளரின் கையில் இருக்கிறது. நிலமற்ற கூலித் தொழிலாளிக்கு அதில் உரிமையே இல்லை. மத்தியிலும் நீர் ஆணையம் வேறு, நிலத்தடி நீர் வாரியம் வேறு. இரண்டையும் ஒன்றாக்குமாறு 2016இல் மிஹிர் ஷா குழு பரிந்துரைத்தது. ஆயினும் அவை இன்றும் தனித்தனியே இயங்குகின்றன.

இதன் சுமை எல்லோர்மீதும் ஒருபோல் விழுவதில்லை. தரைமட்டத்தில் நிறுவிய பம்பு ஏறத்தாழ 8 மீட்டருக்குக் கீழிருந்து நீரை உறிஞ்சாது. மட்டம் இறங்கியதும் நீர்மூழ்கி மோட்டார் வேண்டும். பணக்கார விவசாயி வாங்கிவிடுகிறார். சிறு விவசாயி கடன்படுகிறார், அல்லது அண்டை நிலத்தவரிடம் நீரை விலைக்கு வாங்குகிறார்.

ஜூன் 10க்கு முன் நெல் நடக்கூடாதென 2009இல் பஞ்சாப் அரசு சட்டமியற்றியது. நடவு நாள் தள்ளிப்போனது, பயிர் மாறவில்லை. கோதுமைக்கும் நெல்லுக்கும் மட்டுமே கொள்முதல் உறுதியாக இருக்கும்வரை, விவசாயியைக் குறைகூறுவதில் நியாயமில்லை.

எனவே கோரிக்கைகள் மூன்று: நிலத்தடி நீர் பொதுச்சொத்தாகச் சட்டத்தில் அறிவிக்கப்படவேண்டும், கால்வாயும் கிணறும் ஒரே திட்டத்தின்கீழ், பாசன விவசாயிகளும் கூலித் தொழிலாளரும் இடம்பெறும் குழுக்களால் ஆளப்படவேண்டும், மாற்றுப் பயிர்களுக்குக் கொள்முதல் உறுதி வேண்டும். மூன்றாவது இல்லாமல் முதலிரண்டும் வயலை எட்டா.