கரையும் உள்ளம்

திருச்சிற்றம்பலம்.



மரக்காணத்தில் எழுந்தருளியுள்ள பூமீசுவரப் பெருமானின் திருவிழாவில் மீண்டும் ஒருமுறை பேசும் பேறு அடியேனுக்கு வாய்த்திருக்கிறது. இந்த ஊருக்கும் உப்புக்கும் உள்ள உறவு நேற்று வந்ததன்று. இத்திருக்கோயிலின் சோழர் காலக் கல்வெட்டுகளிலேயே உப்பளங்கள் பேசப்படுகின்றன. ஆகவே இன்று உப்பைக் கொண்டே சில சொல்ல விழைகிறேன். அதற்கு முன், ஒரு பிழையை ஒப்புக்கொள்ளும் கடமை அடியேனுக்கு உண்டு.

சென்ற ஆண்டு இதே பந்தலில், பேச்சு முடிந்தபின் உப்பளத்தில் பாடுபடும் ஓர் அம்மையார் தம் மகனை அழைத்து வந்தார். பதினைந்து பதினாறு வயதிருக்கும். “சாமி, யார் அழுதாலும் இவனும் அழுகிறான். ஒரு கடுஞ்சொல் கேட்டால் இரண்டு நாள் சோறு இறங்குவதில்லை. ஊரார் சிரிக்கிறார்கள். இவன் எப்படிப் பிழைப்பான்?” என்றார். அடியேன் சட்டென்று, “மனத்தைக் கல்லாக்கிக்கொள், தம்பி” என்று சொல்லிவிட்டேன். பிள்ளை தலைகுனிந்து போய்விட்டான். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. கல்லான மனத்தைக் கரைத்தருள்க என்று அடியார்கள் காலங்காலமாக அழுது வேண்டியிருக்க, கரைந்த மனத்தோடு வந்தவனைக் கல்லாகு என்றேனே! இது சைவம் கற்றவன் சொல்லும் வார்த்தையா?

பெரியபுராணத்தில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் வரலாற்றை எண்ணிப் பாருங்கள். திருஎருக்கத்தம்புலியூரில் தோன்றியவர், மனைவியார் மதங்கசூளாமணியாரோடு திருஞானசம்பந்தப் பெருமானைச் சார்ந்து, அவர் பாடும் பதிகங்களை யாழில் இட்டு வாசித்தவர். தருமபுரத்தில் அவருடைய தாயைச் சார்ந்த உறவினர், “உம் யாழினால் அன்றோ பதிகத்தின் இசை பரவுகிறது!” என்று புகழ்ந்தனர். வேறொருவராயின் மகிழ்ந்திருப்பார். இவரோ நடுங்கினார். யாழில் அடங்காத இசையை உலகறியப் பாடியருள வேண்டுமென்று பிள்ளையாரிடம் விண்ணப்பித்தார். அவ்வாறே பிறந்தது யாழ்முரி என்னும் திருப்பதிகம். யாழில் அது அடங்கவில்லை.

அப்போது அவர் உள்ளம் என்ன பாடுபட்டது! இந்தக் கருவியைத் தொட்டதனால் அன்றோ இவ்வளவும் என்று யாழை உடைக்கக் கையோங்கினார். மென்மையான உள்ளம் படைத்தோர் பலரும் ஒருநாள் இந்த இடத்துக்கு வருவார்கள். தம்மையே முறித்துப்போடக் கையோங்குவார்கள். பிள்ளையார் என் செய்தார்? யாழைத் தம் திருக்கரத்தில் வாங்கிக்கொண்டார். இறைவன் புகழ் இக்கருவிக்குள் முழுவதும் அடங்குமோ, வந்த அளவில் வாசியும் என்னும் கருத்துப்பட மொழிந்து, அதே யாழை அவர் கையில் மீண்டும் கொடுத்தார். வேறு யாழ் தரவில்லை. நரம்பை மாற்றச் சொல்லவில்லை. யாழ்ப்பாணரும் திருநல்லூர்ப் பெருமணத்தில் சோதியுள் கலக்கும் நாள்வரை பிள்ளையாரைப் பிரியாமல் இருந்தார்.

அப்படியானால் நெகிழ்ந்த உள்ளத்தில் குற்றமே இல்லையா என்று கேட்பீர்கள். இங்கேதான் உப்பு வருகிறது. மெய்கண்ட தேவர் சிவஞானபோதத்தில் கடல்நீரையும் உப்பையும் உவமை காட்டுகிறார். உப்பு நீரைப் பற்றும். நீருக்கு இடமாகிய வெளியைப் பற்றாது. அதுபோல ஆணவ மலம் உயிரைப் பற்றும், இறைவனைப் பற்றாது. நீர் கரைப்பது நீரின் இயல்பு, அது குற்றமன்று. அதில் கலந்த “நான்” என்னும் உப்பே கைக்கிறது. பிறர் துன்பம் கண்டு அழுகிறோமே, அது நீர். என்னைப் பழித்தார்களே, என்னை ஒதுக்கினார்களே என்று மாதக்கணக்கில் புழுங்குகிறோமே, அது உப்பு. இரண்டும் ஒரே கண்ணீராய் வருவதால் நமக்கு வேற்றுமை தெரிவதில்லை.

உங்கள் உப்பளத்தில் என்ன நிகழ்கிறது? பாத்தியில் உவர்நீரைத் தேக்கி வெயிலுக்குத் திறந்து வைக்கிறீர்கள். ஞாயிறு நீரை மேலே வாங்கிக்கொள்கிறது. உப்பு கீழே தங்கிவிடுகிறது. மேலே சென்ற நீர் உவர்ப்பு நீங்கி மழையாய் வருகிறது. தங்கிய உப்பும் வீணன்று; கூழுக்கும் சோற்றுக்கும் சுவையாகிறது. நெஞ்சை மூடி வைத்தால் இது நடவாது. ஆகவே நொந்த நெஞ்சை நொந்தபடியே சந்நிதியில் திறந்து வையுங்கள். நஞ்சைக் கண்டத்தில் தாங்கியவன் உங்கள் கசப்புக்கு அஞ்சமாட்டான். பிறகு அந்த மென்மைக்கு ஒரு தொண்டு கொடுங்கள். பூத்தொடுக்கலாம்; நோயாளியின் அருகில் அமரலாம்; மனம் உடைந்தவன் சொல்வதைப் பொறுமையாகக் கேட்கலாம். கல்நெஞ்சர்க்கு இவை வாரா.

அந்த அம்மையார் இன்று இப்பந்தலில் இருக்கிறாரோ, அறியேன். இருந்தால் வீட்டுக்குச் சென்று மகனிடம் சொல்லுங்கள், அம்மா: “சென்ற ஆண்டு உனக்குச் சொன்ன கிழவர் தம் சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். உன் யாழ் உன்னிடமே இருக்கட்டும். வந்த அளவில் வாசி.”

திருச்சிற்றம்பலம்.