நீரிழிவும் நமது இல்லங்களும்

(மறைமலை நகரில் நடைபெற்ற நமது சங்கக் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று பேசவேண்டிய பொருளைக் காரியதரிசி அவர்கள் எமது விருப்பத்திற்கே விட்டுவிட்டனர். கல்வி நிதியைப் பற்றியோ, மழைக்கு ஒழுகும் இம்மண்டபத்துக் கூரையைப் பற்றியோ யாம் பேசுவோமென அவர் எதிர்பார்த்திருக்கலாம். யாம் எமது நோயைப் பற்றிப் பேச வந்துள்ளோம். சபையில் நோயைப் பேசுவது மரபன்று எனச் சிலர் முகஞ்சுளிப்பர். ஆயினும், இவ்வூர் எவர் பெயரைத் தாங்கி நிற்கின்றதோ அந்த மறைமலையடிகள், சமயமும் தமிழும் எழுதிய கையினாலேயே உடல்நலத்தைப் பற்றி ‘மக்கள் நூறாண்டு உயிர்வாழ்க்கை’ என்னும் நூலையும் எழுதினார். அவர் எழுதியதை நாம் பேசுதல் குற்றமாகாது.

சென்ற ஐப்பசித் திங்களில் யாம் ஊழியம் செய்யும் தொழிற்சாலையில் அனைவர்க்கும் இரத்தப் பரிசோதனை செய்தனர். வெறும் வயிற்றில் சர்க்கரை 126-உம் அதற்கு மேலும் இருப்பின் நீரிழிவு என்பது மருத்துவர் வகுத்த எல்லை. எமக்கு 168 இருந்தது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் பரிசோதனையில் 6.5 எல்லையாயிருக்க, எமக்கு 8.6 எனக் கண்டனர். மருத்துவர் இருவகை மாத்திரைகளை எழுதித் தந்து, வேளை தவறாது உண்ணவேண்டும் என்று இருமுறை சொல்லியனுப்பினார்.

யாம் செய்ததென்ன? அச்சீட்டை அலுவலக மேசை அறையில் வைத்துப் பூட்டினோம். வீட்டில் ஒருவரிடமும் உரைக்கவில்லை. மூத்த மகளுக்கு வரன் பேசிக்கொண்டிருந்த காலம் அது. ‘சர்க்கரை உள்ள குடும்பம்’ என்னும் சொல் சம்பந்தி வீட்டார் காதில் விழுமோ என்ற அச்சம் எம்மைப் பற்றிக்கொண்டது. மாத்திரைகளைக் குளியலறையில் நின்று விழுங்கினோம். பந்தியில் பாயசம் வேண்டாவெனில் காரணம் கேட்பரே என்று இரண்டு கலியாணங்களில் வாங்கிக் குடித்தோம். நாற்பது நாள் இவ்வண்ணம் கழிந்தது.

நாற்பத்தோராம் நாள் தாம்பரத்தில் உறவினர் இல்லத்து நிச்சயதார்த்தம். அங்கே உண்டுகொள்ளலாமென எண்ணி, மாத்திரையை மட்டும் விழுங்கிவிட்டு, மனைவியாருடன் மின்சார ரயிலேறினோம். கூடுவாஞ்சேரி தாண்டியதும் கை நடுங்கிற்று. சட்டை முழுதும் வியர்த்து நனைந்தது. எதிரிலிருப்போர் முகம் இரண்டிரண்டாகத் தெரிந்தது. வண்டலூரில் இறங்கி மேடையிலேயே சாய்ந்துவிட்டோம். கூடியவர்களில் ஓர் இளைஞர், “அம்மா, ஐயாவுக்குச் சர்க்கரை உண்டா?” என்று எம் மனைவியாரைக் கேட்டிருக்கிறார். அவ்வம்மையார், “அதெல்லாம் இல்லை தம்பி” என்று உறுதியாக விடையிறுத்தார்! அவர் பொய் சொல்லவில்லை, அறிந்ததைச் சொன்னார். அவ்விளைஞர் மட்டும் நம்பாமல், விழுங்கும் நிலையில் யாம் இருப்பதைப் பார்த்துக்கொண்டு, கடையில் சர்க்கரை வாங்கித் தண்ணீரில் கரைத்துப் புகட்டினார். கால்மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்தோம். அவர் பெயரைக் கேட்கவும் தோன்றவில்லை.

இதன் காரணத்தை எல்லோரும் அறிதல் நன்று. நீரிழிவு மாத்திரைகளுள் ஒருவகை, கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்வது. அதனை உண்டு உணவைத் தவிர்த்தால் இரத்தச் சர்க்கரை 70-க்கும் கீழே இறங்கிவிடும். உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்தல் வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதனையும் ஊற்றலாகாது. 108-ஐ அழைத்தலே வழி. இரவு முறை மாற்றி வேலை செய்யும் நம் தொழிற்சாலைப் பிள்ளைகள், உண்ணும் நேரமும் மாத்திரை நேரமும் ஒத்துச்செல்லுமாறு மருத்துவரைக் கேட்டு அமைத்துக்கொள்ளவேண்டும்.

அன்று மாலை வீட்டில் யாம் அனைத்தையும் உரைத்தோம். எம் மனைவியார் கடிந்துகொள்வார் என எண்ணியிருந்தோம். “என்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்லுவீர்கள்?” என்று ஒன்றே கேட்டுவிட்டு அடுப்பங்கரைக்குள் சென்றார். அக்கேள்விக்கு எம்மிடம் இன்றுவரை விடையில்லை.

நிற்க. இந்நோய் நம் நாட்டிற்குப் புதிதன்று. சிறுநீர் இனிப்பதைக் கண்டு மதுமேகம் எனப் பழைய வைத்திய நூலார் பெயரிட்டனர். நீரிழிவு என நல்ல தமிழ்ச் சொல்லும் உண்டு. கட்டுப்படுத்தும் மருந்துதான் நெடுங்காலம் இல்லாதிருந்தது. கனடா நாட்டின் டொராண்டோ நகரில் 1921-ஆம் ஆண்டில் பாண்டிங், பெஸ்ட் என்னும் இருவர் இன்சுலினைக் கண்டனர். 1922 ஜனவரியில் சாகுந்தறுவாயிலிருந்த பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு அது முதன்முதல் ஏற்றப்பட்டது. நமது சென்னையிலும் டாக்டர் எம். விசுவநாதன் அவர்கள் 1954-இல் இராயபுரத்தில் நீரிழிவுக்கெனவே ஒரு மருத்துவமனையை நிறுவினார். மருந்தில்லாமல் மடிந்த காலத்தவர் அஞ்சியதில் நியாயம் உண்டு. மருந்து கைக்கெட்டும் காலத்தில் நாம் அஞ்சுவதோ ஊராரின் வாய்க்கு!

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நடந்த பெரும் ஆய்வு 2023-இல் வெளிவந்தது. இந்நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோர்க்கு நீரிழிவு உண்டென்றும், தமிழ்நாட்டில் வயதுவந்தோர் 100 பேரில் 14 பேருக்கு மேல் உண்டென்றும் அது கூறுகின்றது. இம்மண்டபத்தில் இருநூறு பேர் இருக்கின்றோம். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம். அங்ஙனமிருக்க, எந்தச் சம்பந்தி எந்தச் சம்பந்தியைக் குறைகூறுவது?

மறைப்பதால் வரும் பெருங்கேடு ஒன்றை நம் சமூகத்தார் சிறப்பாகக் கருதவேண்டும். இது வழிவழியாகக் குடும்பங்களில் தொடரும் இயல்புடையது. நாமோ அத்தை மகள், மாமன் மகன் என உறவுக்குள்ளேயே கொள்வினை கொடுப்பினை செய்பவர்கள். ஒருவருக்குக் கண்டதென்றால் உடன்பிறந்தாரும் மக்களும் உடனே பரிசோதித்துக்கொள்ளவேண்டும். யாம் வாய்திறந்த பின்னர் எம் தம்பி பரிசோதித்துக்கொண்டார். அவர் எல்லைக்கு அருகில் நிற்கின்றார். அத்தகையோர்க்குச் செய்வதற்கு வழியுண்டு. சென்னை மருத்துவர் இராமச்சந்திரன் அவர்களும் துணைவரும் 500-க்கு மேற்பட்டோரை மூன்றாண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்து 2006-இல் வெளியிட்டனர். உணவையும் நடையையும் திருத்திக்கொண்டவருள், நீரிழிவு முற்றுவது ஏறத்தாழ 100-க்கு 28 பங்கு குறைந்ததாம். யாம் மறைத்த நாற்பது நாளும் எம் தம்பியின் நாட்களுமாம் என்பதை இப்போதுதான் உணர்கின்றோம்.

இனி அடுப்பங்கரைக்கு வருவோம். எமக்கெனத் தனிப் பானை வைக்கவேண்டாமென்று எம் மனைவியார் முடிவு செய்தார். தனிப் பானை வைத்தால் நோயாளி தனியனாகிவிடுவான். காய்கறியும் கீரையும் பருப்பும் முதலில். சோறு பின்னர், அதுவும் பழைய அளவில் பாதி. உண்டபின் தெருவில் கால்மணி நடை. இதுவே வீட்டார் அனைவர்க்கும் சட்டமாயிற்று. முதல் வாரம் எம் இளைய மகன் முகத்தைப் பார்க்க இயலவில்லை. காப்பியில் சர்க்கரையை விடுவது எமக்குச் சோற்றைக் குறைப்பதினும் கடினமாயிருந்தது. பத்துநாள் அது கஷாயமே.

உறவினர் சொல்லும் யோசனைகளோ அளவில. வெல்லமும் பனங்கற்கண்டும் தேனும் தீங்கில்லையென்பர், அவையும் சர்க்கரையே. கேழ்வரகு நல்லதுதான், ஆனால் கூழாகக் காய்ச்சிச் செம்பு செம்பாகக் குடித்தால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். பாகற்காயைக் கறியாக உண்ணுங்கள். அதன் சாற்றை நம்பி மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

கால்களைப் பற்றியும் சொல்லவேண்டும். நோய் நீடித்தால் பாத உணர்ச்சி மங்கும். சித்திரை வெயிலில் சிங்கப்பெருமாள் கோவிலின் கல்தளத்தில் வெறுங்காலோடு நடந்து, சுட்டதே தெரியாமல் கொப்புளத்தோடு வீடு திரும்பியோர் உண்டு. காலையிலோ மாலையிலோ சென்றாலும் பெருமாள் அருள் குறையாது. இரவுதோறும் பாதத்தைப் பார்த்தலும், ஆண்டிற்கொருமுறை கண்ணையும் சிறுநீரகத்தையும் சோதித்தலும் வேண்டும். ஆறு மாதத்தில் எமது சராசரி 6.9-க்கு இறங்கியுள்ளது. மகளின் வரனும் அமைந்தது. சம்பந்தியாரிடம் யாமே முன்சென்று உரைத்தபோது, அவர் தம் சட்டைப்பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினார்!

காரியதரிசி அவர்களிடம் ஒரு விண்ணப்பம். இன்றைய பந்தியில் பாயசம் இருக்கட்டும். ஆனால் வேண்டாம் என்பவரை ‘ஒரு கரண்டியாவது’ என்று எவரும் வற்புறுத்த வேண்டாம். பக்கத்து அறையில் ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியர் அம்மையார் சர்க்கரை பார்க்கும் கருவியோடு காத்திருக்கின்றார். இலை போடுமுன் எல்லோரும் வரிசையாக வரவேண்டுகின்றோம். முதல் விரல் எம்முடையது. இரண்டாவது விரலை நீட்ட அக்கிராசனர் அவர்கள் இசைந்துள்ளார்.