வெற்றுக் கட்டமும் சுழியும்



பத்தாண்டு நிறைவு விழாவில் கவிதையை விடுத்துக் கணிப்பொறியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன், பொறுத்தருள வேண்டும். விண்ணப்பித்த இடமெல்லாம் 'பவர் பிஐ தெரியுமா?' என்று கேட்டதால், என் மகள் அதை வீட்டிலிருந்தே கற்கத் தொடங்கினாள். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2015இல் வெளியிட்ட அம்மென்பொருளின் டெஸ்க்டாப் வடிவம் விலையின்றியே கிடைக்கிறது. அட்டவணை விவரங்களை வரைபடங்களாக்கி, டாஷ்போர்டு என்னும் ஒரே பலகையில் காட்டுவது அதன் பணி. பாடத்தில் வந்த அயல்நாட்டு விற்பனைக் கணக்கு அவளுக்குச் சலித்தது. பரணிலிருந்த என் வயற்கணக்கு நோட்டுகளை இறக்கிக் கொடுத்தேன், நானும் மாணவனானேன்.

முதல் நாளே ஒரு விபரீதம். மேட்டூர் அணை திறந்த நாள்களை உள்ளிட்டோம். நம் பக்கத்தில் ஜூன் 12 என்றால் குறுவைக்குத் தண்ணீர் என்று பொருள். 12/6 என நாங்கள் எழுதியதை அமெரிக்க வழக்கப்படி படித்த பொறி, டிசம்பர் 6 ஆக்கிவிட்டது. டிசம்பரில் குறுவை நாற்று! தேதி எந்நாட்டு வழக்கென்று அறிவித்த பிறகே ஜூன் மீண்டது. அடுத்தது நீர்மட்டம். எண்ணைக் கண்டால் கூட்டிவிடுவது அதன் இயல்பு. நாளொன்றுக்கு 100 அடியென ஒரு வாரக் கணக்கைக் கொடுத்தால், 120 அடியே முழு உயரமான அணையில் 700 அடி நீர் நின்றது. கூட்டக்கூடாதென்று நாம்தான் சொல்ல வேண்டும்.

திருத்திய வரைபடம் சிரிக்கவிடவில்லை. 2011இல் ஜூன் 6. 2012இல் செப்டம்பர் 17. 2017இல் அக்டோபர் 2. எட்டு ஆண்டுகளுக்குப் பின் 2020இல்தான் ஜூன் 12 திரும்பியது. வாழ்ந்து கழித்த காலம் எட்டுக் கோடுகளாய் நின்றது.

எங்களுக்குள் வழக்கு மூண்டது அட்டவணையின் அடுத்த பத்தியில்: குறுவை விளைச்சல். ஆழ்குழாய்க் கிணறு இல்லாத நிலம் என்னுடையது. தண்ணீர் வராத ஆண்டுகளில் நோட்டில் ஒன்றும் எழுதவில்லை. அங்கே எதை இடுவது? ஐந்து ஆண்டில் மூன்று ஆண்டு மாவுக்கு 10 மூட்டை, இரண்டு ஆண்டு தரிசு என்று கொள்வோம். கட்டத்தை வெறுமையாக விட்டால் பொறி அவ்விரு ஆண்டுகளையும் சேர்க்காது, சராசரி 10. துன்பமே நேராதது போல! சுழி இட்டால் சராசரி 6. சுழியே நியாயம் என்றாள் மகள். நான் ஒப்பவில்லை. சுழி என்றால் விதைத்தும் விளையவில்லை என்றாகும். பழி மண்மேல் விழும். என் மண் அப்படிப்பட்டதன்று.

பெரிய கோயில் கல்வெட்டு நினைவுக்கு வந்தது. இராசராசன் குடியமர்த்திய தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரை வெறும் 400 என்று வெட்டிவிடவில்லை. எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, என்ன பெயர், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர் என்று ஒவ்வொருவருக்கும் குறிப்பு உண்டு. பங்குக்கு 100 கலம் நெல் என்றால், அளக்கும் மரக்காலுக்கும் ஆடவல்லான் என்று பெயர் சொல்லியிருக்கிறது.

ஆகவே இன்னொரு பத்தி சேர்த்தோம். வெற்றுக் கட்டத்தின் பக்கத்தில், 'தண்ணீர் வரவில்லை. விதைக்கவில்லை' என்று தமிழிலேயே தட்டினாள். சராசரியையும் இரண்டாகக் காட்டினோம்: விதைத்த ஆண்டுகளுக்கு ஒன்று, எல்லா ஆண்டுகளுக்கும் ஒன்று. அடுத்த வாரம் சென்னையில் அவளுக்கு நேர்முகத் தேர்வு. இந்தப் பலகையைத்தான் எடுத்துச் செல்கிறாள்.