யாழ் செய்த கை எங்கே போயிற்று?

(கடப்பாக்கத்தில் மீனவர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கைத்தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



கைத்தொழிலைப் பற்றிப் பேசும்படி கேட்டிருக்கிறீர்கள். கைத்தொழில் என்று சொன்னவுடனே மேடையேறுகிறவர்கள் "முன்னோர் பெருமை", "பழம்பெரும் கலை" என்று ஆரம்பித்து, மாலையை வாங்கிக்கொண்டு இறங்கிவிடுவது வழக்கம். பெருமை பேசக் காசு செலவில்லை. நான் வேறொரு கேள்வியை உங்கள் முன் வைக்கிறேன். ஒரு கைத்தொழில் எதனால் உயிரோடு இருக்கிறது? எதனால் சாகிறது? விடை தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. உங்கள் இடைக்கழிநாட்டிலேயே அது இருக்கிறது.

சங்க நூல்களில் சிறுபாணாற்றுப்படை என்று ஒன்று உண்டு. அதைப் பாடிய புலவரின் பெயர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். ஆம், இந்த மண்ணின் பெயரைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டவர். நல்லியக்கோடன் என்ற சிற்றரசனிடம் பரிசு வாங்கி வரும் ஒரு பாணன், எதிரே வரும் இன்னொரு பாணனுக்கு வழி சொல்லுவதாக அந்தப் பாட்டு அமைந்திருக்கிறது. அதில் வரும் எயிற்பட்டினம் நம் மரக்காணம் பக்கம் என்றும், கிடங்கில் திண்டிவனத்தை ஒட்டியது என்றும் அறிஞர்கள் சொல்லுகிறார்கள்.

பாணன் யார்? கையில் சிறிய யாழை எடுத்துக்கொண்டு, பெண்டு பிள்ளைகளுடன் ஊர் ஊராக நடந்து, வாசித்துப் பிழைத்தவன். அவன் வீட்டு நிலையைப் புலவர் மறைக்காமல் சொல்லுகிறார். அடுக்களையில் குட்டி போட்ட நாய் பசியோடு கிடக்கிறது. குட்டிகளுக்குக் கொடுக்க அதனிடம் பால் இல்லை. வீட்டுக்காரி குப்பையில் முளைத்த வேளைக் கீரையைக் கிள்ளி வந்து, உப்புக்கும் வழியில்லாமல் வேகவைக்கிறாள். அக்கம்பக்கத்தார் பார்த்துக் கேவலமாகப் பேசுவார்களே என்று கதவைச் சாத்திக்கொண்டு, சுற்றத்தோடு பகிர்ந்து தின்கிறாள். தோழர்களே, உப்பு விளைகிற இந்தக் கரையைச் சேர்ந்த புலவர் உப்பில்லாத கீரையைப் பற்றிப் பாடியிருக்கிறார்!

அந்த யாழ் இன்றைக்கு எங்கே? தமிழ்நாடு முழுவதும் தேடினாலும், தலைமுறை தலைமுறையாக யாழ் செய்து வந்த ஒரு குடும்பத்தைக் காட்ட முடியாது. பாட்டு இருக்கிறது. பத்தர் என்ற குடம், அதன்மேல் போர்த்திய தோல், வளைந்த கோடு, இழுத்துக் கட்டிய நரம்பு என்று யாழின் உறுப்புகளுக்குப் பெயர்கள் இருக்கின்றன. கருவி மட்டும் இல்லை. இலங்கை மட்டக்களப்புப் பகுதியைச் சேர்ந்த விபுலானந்த அடிகள் பல வருஷம் பாடுபட்டு, பழைய நூல்களிலிருந்தே யாழின் வடிவத்தையும் இசையையும் கணக்கிட்டு எழுத வேண்டியிருந்தது. அவருடைய யாழ் நூல் 1947ஆம் வருஷம் வெளியாயிற்று. உயிரோடிருந்த ஒரு கருவியை ஏட்டிலிருந்து தோண்டி எடுக்க வேண்டிய கதி நமக்கு!

கடலுக்கு அப்பால் பர்மாவைப் பாருங்கள். நம் ஜனங்கள் கூலிகளாகக் கப்பலேறிப் போன நாடு அது. அங்கே படகு போன்ற உடலும் வில் போல் வளைந்த கழுத்தும் கொண்ட 'சௌங்' என்ற வாத்தியம் இருக்கிறது. மான் தோல் போர்த்தியது. வில் யாழுக்கு உறவு என்று பார்த்ததும் தெரியும். 1885இல் பிரிட்டிஷார் பர்மிய அரசனைப் பிடித்து நாடு கடத்திய பிறகும் அது அழியவில்லை. ஆசிரியர்கள் கற்றுக் கொடுத்தார்கள். பிற்காலத்தில் அரசு இசைப் பள்ளிகளிலும் கற்பித்தார்கள். இங்கே பாட்டு தங்கிற்று, கை போயிற்று. அங்கே கை தங்கியதால் கருவியும் தங்கிற்று. கைத்தொழில் ஏட்டில் வாழ்வதில்லை. அதைச் செய்கிற மனிதன் உயிரோடும் மானத்தோடும் வாழ்கிற வரைக்கும்தான் அது வாழும். இதற்கு மூன்று விஷயங்கள் வேண்டும் என்பேன்.

முதலாவது, கச்சாப் பொருள் உழைப்பாளியின் கைக்கு எட்ட வேண்டும்.

மங்கோலியாவில் ஆடு மாடு மேய்க்கிற மக்கள் 'கெர்' என்ற வட்டக் கூடாரத்தில் வசிக்கிறார்கள். மடக்கி விரிக்கிற மரச் சட்டங்களே சுவர். உச்சியில் புகை போக ஒரு மரவளையம். மேலே ஆட்டு ரோமத்தை அடித்து, நனைத்து, உருட்டிச் செய்த கனத்த கம்பளம். கயிற்றாலேயே அத்தனையையும் இறுக்கிக் கட்டுகிறார்கள். பிரித்து ஒட்டகத்தின் மேல் ஏற்றி அடுத்த மேய்ச்சல் நிலத்துக்குப் போய் மறுபடி எழுப்பலாம். அதே மக்கள்தான் குதிரைத் தலை செதுக்கி, குதிரை ரோமத்தால் இரண்டு தந்தி கட்டிய பிடிலையும் செய்கிறார்கள். கெர் கட்டும் கலையை 2013இல் யுனெஸ்கோ உலகின் பண்பாட்டுச் செல்வமாகப் பதிவு செய்தது. கட்டுமரம் தெரிந்த மீனவத் தோழர்களுக்கு இந்த வித்தை சுலபமாகப் புரியும். ஆணியில்லாமல் மரத்தோடு மரத்தைக் கயிற்றால் பிணைத்து அலைமேல் போனவர்கள் நீங்கள். வெள்ளைக்காரனும் உங்கள் சொல்லையே தன் அகராதியில் எழுதிக்கொண்டான்.

கெர் ஏன் பிழைத்தது? ஆடு அவர்களுடையது, ரோமமும் அவர்களுடையது. நம் நிலைமை என்ன? மாசிப் பௌர்ணமியன்று மாமல்லபுரம் கடற்கரைக்குப் போய்ப் பாருங்கள். செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர், விழுப்புரம் பக்கமிருந்து இருளர் குடும்பங்கள் வந்து, குச்சி நட்டுப் புடவையைக் கட்டிக் கூடாரம் போட்டு, கன்னியம்மனைக் கும்பிட்டு, கல்யாணம் பேசி முடித்துப் போகின்றன. சற்றுத் தூரத்தில் திரௌபதி ரதம் நிற்கிறது. ஏழாம் நூற்றாண்டுச் சிற்பி அதை எந்த வடிவத்தில் செதுக்கினான் தெரியுமா? கூரை வேய்ந்த குடிசையின் வடிவத்தில்! குடிசை கட்டியவனின் வித்தையைப் பார்த்துத்தான் கல் தச்சன் பாறையைக் குடைந்தான். கல் குடிசையைச் சுற்றி இன்றைக்கு வேலியும் காவலும் இருக்கின்றன. கட்டணம் செலுத்தி உள்ளே போகிறோம். ஓலைக் குடிசைக்காரனுக்கோ பல ஊர்களில் மனைப் பட்டாவுக்கு நடையாய் நடந்து செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம்.

1882இல் சென்னை வனச் சட்டம் வந்தது. காடு சர்க்கார் சொத்தாயிற்று. தேனும் கிழங்கும் மூங்கிலும் எடுத்தவன் திருடன் ஆனான். 2006இல் வன உரிமைச் சட்டம் வந்தும், உரிமை தானாக நடந்து வீட்டுக்கு வரவில்லை. பனையை எடுத்துக்கொள்ளுங்கள். ஓலையும் நாரும் இல்லாமல் கூரையேது, கூடையேது? செங்கல் சூளைக்கு விறகாகப் பனைகள் சாய்ந்தன. 2021இல்தான் பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று தமிழக அரசு அறிவித்தது. குடிசையே போதும் என்று இருளர்களிடம் யாரும் சொல்ல வேண்டாம். கல் வீடும் பட்டாவும் அவர்கள் உரிமை. ஓலை பின்னுகிற வித்தையை வைத்துக்கொள்வதா விடுவதா என்பதை அவர்களே தீர்மானிக்கட்டும்.

இரண்டாவது, கூலியும் பெயரும்.

பல்லவ ராஜாவின் பட்டப் பெயர்களைப் பாறைதோறும் வெட்டி வைத்திருக்கிறார்கள். உளி பிடித்தவன் பெயர்? மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் பாறையில் சில பெயர்கள் இருக்கின்றன. கேவாத பெருந்தச்சன், கொல்லன் சேமகன் என்று. உளி பிடித்தவனும், உளிக்குக் கூர் தீட்டிய கொல்லனும்! ஆயிரத்து முந்நூறு வருஷம் ஆகியும் அந்தப் பெயர்களைப் படிக்கும்போது நெஞ்சு நிமிருகிறது. 1957இல் அங்கே சிற்பக் கல்லூரி ஏற்பட்டது. 2017இல் மாமல்லபுரம் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்லதே. ஆனால் குறியீடு சாமானுக்குக் கிடைத்த பட்டயம். பட்டறையில் கல்லறுக்கும் மிஷின் கிளப்புகிற தூசி தொழிலாளியின் நுரையீரலில் படிகிறது. அதைப் பட்டயம் துடைத்துவிடாது. தண்ணீர் தெளித்து அறுக்கும் வசதியும், முகமூடியும், நெஞ்சுப் பரிசோதனையும் முதலாளியின் தர்மம் அல்ல, தொழிலாளியின் உரிமை. பஞ்சுத் தூசியைச் சுவாசித்த மில் தொழிலாளிக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

மூன்றாவது, மானம். இதுதான் எல்லாவற்றிலும் பெரிது.

பறை செய்வதைப் பார்த்திருக்கிறீர்கள். வேப்பமரத்தில் மூன்று துண்டுகளை வளைவாகச் செதுக்கி, இரும்புப் பட்டை வைத்து வட்டமாகச் சேர்க்கிறார்கள். தோலை ஊறவைத்து, ரோமம் நீக்கிச் சுத்தம் செய்து, புளியங்கொட்டைப் பசையால் ஒட்டி, இழுத்துக் கட்டிக் காய வைக்கிறார்கள். அடிப்பதற்கு முன் நெருப்பில் காட்டித் தோலை முறுக்கேற்றுகிறார்கள். எவ்வளவு சூடு, எவ்வளவு இழுப்பு என்பதைக் கையும் காதும்தான் சொல்லும். இது பெரிய கைத்திறன். ஆனால் இதைச் செய்தவனை ஊர் என்ன செய்தது? சேரியில் ஒதுக்கிற்று. செத்த மாட்டைத் தூக்கு, சாவுக்குக் கொட்டு என்று கட்டளையிட்டது. கூலியாக மீந்த சோற்றைப் போட்டது. பறையை எறிந்துவிட்டு மில் வேலைக்குப் போன வாலிபனை நான் குறை சொல்ல மாட்டேன். இழிவைச் சுமத்துகிற தொழிலை விட்டுப் போவதும் ஒரு போராட்டமே.

சபாக்களில் வாசிக்கிற மிருதங்கமும் தோல் வாத்தியந்தானே? பலாமரக் கட்டையும், பசு, எருமை, ஆடு ஆகியவற்றின் தோலும் சேர்ந்த கருவி அது. அதைச் செய்கிறவர்களில் பெரும்பாலோர் தலித் மக்கள். வாசித்தவர்கள் பெயர் நாடெங்கும் தெரியும். செய்தவர்கள் பெயரை எழுதினார் பாடகர் டி.எம். கிருஷ்ணா, 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்ற புத்தகத்தில். 2020இல் அதன் வெளியீட்டுக்கு இடம் கொடுக்கச் சம்மதித்திருந்த கலாக்ஷேத்திரா நிறுவனம் கடைசி நேரத்தில் மறுத்துவிட்டது. விழா வேறு இடத்தில் நடந்தது. நாதம் வேண்டும், தோல் வேண்டும். தோலைத் தொட்டவனின் கதை மட்டும் வேண்டாமாம்! 2017இல் சந்தையில் வெட்டுக்கு மாடு விற்கக் கூடாதென்று மத்திய அரசு விதி போட்டது. மதுரை ஹைகோர்ட் கிளை அதை நிறுத்தி வைத்தது. சுப்ரீம் கோர்ட் அந்தத் தடையை நாடு முழுதுக்கும் நீட்டித்தது. இல்லாவிட்டால் விவசாயியின் கிழட்டு மாட்டுக்கு விலை ஏது? தோல் தொழிலாளிக்குத் தோல் ஏது?

"அப்படியானால் தகப்பன் தொழிலை மகன் செய்யட்டும், கலை பிழைக்கும்" என்று சிலர் உபதேசம் செய்கிறார்கள். இது நமக்குப் பழைய கதை. 1953இல் ராஜாஜி மந்திரிசபை பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரம் பிள்ளைகள் குலத் தொழிலைக் கற்கட்டும் என்று திட்டம் போட்டது. தமிழகம் கொதித்தெழுந்தது. 1954இல் ராஜாஜி விலகினார். காமராஜ் வந்ததும் அந்தத் திட்டம் போயிற்று. 2023இல் மத்திய அரசு கொண்டுவந்த விஸ்வகர்மா திட்டத்திலும் குடும்பத் தொழில் என்ற நிபந்தனை இருந்தது. அதை நீக்கும்படி கேட்ட தமிழக அரசு, திட்டத்தை அந்த உருவில் ஏற்க முடியாதென்று 2024இல் எழுதிற்று. பிறப்பைக் கேட்காத கைவினைத் திட்டம் ஒன்றைத் தானே வகுத்தது. பாணன் மகன் பாணனாகவே இருக்க வேண்டும் என்ற உலகத்தில்தான் யாழ் செத்தது என்பதை மறக்க வேண்டாம். கற்க விரும்பும் எந்தப் பிள்ளைக்கும் கதவு திறந்திருக்க வேண்டும். வெளியே போக விரும்புகிற பிள்ளைக்கும் அதே கதவு திறந்திருக்க வேண்டும்.

நம்மால் ஆகுமா என்று சிலர் யோசிக்கலாம். பக்கத்தில் வடநெம்மேலி இருக்கிறது. பாம்பு பிடிப்பதில் இருளருக்கு நிகரில்லை. தோல் வியாபாரி அந்தத் திறமையை அற்பக் காசுக்கு வாங்கினான். 1972இல் வனவிலங்குச் சட்டம் வந்து, தோல் வியாபாரமும் தடையானதும் பிழைப்புப் போயிற்று. 1978இல் அவர்கள் கூட்டுறவுச் சங்கம் ஏற்படுத்தினார்கள். இப்போது பாம்பைக் கொல்லுவதில்லை. விஷம் எடுத்துவிட்டுத் திரும்ப விடுகிறார்கள். அந்த விஷத்திலிருந்து விஷமுறிவு மருந்து தயாராகிறது. வயலில் நல்ல பாம்போ கண்ணாடி விரியனோ தீண்டிய விவசாயக் கூலியின் உயிரைக் காப்பாற்றுவதில் அந்தக் கைகளுக்கும் பங்குண்டு. கை அதே கைதான். நடுவிலிருந்த வியாபாரிக்குப் பதில் சங்கம் வந்தது.

ஆகவே, ஊருக்குத் திரும்பியதும் செய்ய வேண்டிய காரியத்தைச் சொல்லி முடிக்கிறேன். பறை செய்கிறவர், கூடை முடைகிறவர், ஓலை பின்னுகிறவர், கல் செதுக்குகிறவர் எத்தனை பேர் என்று வீடு வீடாகக் கணக்கெடுங்கள். நாட்டுப்புறக் கலைஞர் நல வாரியத்திலும் மற்றத் தொழிலாளர் நல வாரியங்களிலும் பதிவு செய்யாதவர்களைக் கூட்டிப்போய்ப் பதிவு செய்யுங்கள். பட்டா இல்லாதவர் மனுக்களைச் சேர்த்து, தாலுகா ஆபீஸுக்குக் கும்பலாகப் போங்கள். சாவுக்குக் கொட்ட வா என்று எவனும் அதட்டிக் கூப்பிட்டால், வரமாட்டோம் என்று சேர்ந்து சொல்லுங்கள். மேடையில் வாசிக்க அழைத்தால், முதலில் கூலியைப் பேசி, பெயரை நோட்டீஸில் போடச் சொல்லுங்கள்.

நத்தத்தனார் பாடிய பாணனுக்குச் சங்கம் இல்லை. அரசன் வாசலைத் தவிர வேறு வாசலும் இல்லை. நமக்குச் சங்கம் இருக்கிறது. அந்த வீட்டுக்காரி கதவைச் சாத்திக்கொண்டு உண்டாள். நாம் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, நம் பங்கைக் கேட்போம்.