குண்டின் வேகமும் குறியின் நேர்மையும்

கோயில் திருவிழாக்களிலும் சென்னைக் கடற்கரை மணலிலும், பலகையொன்றில் பலூன்களை வரிசையாகக் கட்டி வைத்து, கையிலே ஒரு துப்பாக்கியைத் தந்து சுடச் சொல்லும் கடைகளை நேயர்கள் பலரும் கண்டிருப்பீர்கள். குழலை மடக்கி, ஒரு சிறு ஈயக் குண்டைச் செருகி, மீண்டும் நிமிர்த்திச் சுடுகிறோம். வெடிமருந்து இல்லை, புகை இல்லை, ஆயினும் குண்டு பறக்கிறது. ‘ஏர்கன்’ என்று எல்லாரும் சொல்லும் அந்தச் சுருள்வில் காற்றுத் துப்பாக்கியே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

பெங்களூரில் விவேக் நகர், ஆஸ்டின் டவுன், நீலசந்திரா ஆகிய பகுதிகளில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றன. இங்குள்ள இளைஞர்களுள் குறி பார்த்துச் சுடுவதில் ஆர்வம் கொண்டோர் உண்டு. அவர்கள் முதலில் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது: “துப்பாக்கியின் வேகத்தைக் கூட்டுவதற்கு என்ன வழி? இன்னும் வலுவான ஸ்பிரிங் போடலாமா?” இதைத்தான் ‘டியூனிங்’ என்று அவர்கள் கருதுகிறார்கள்.

வீணைக்குச் சுருதி சேர்ப்பதை நாம் அறிவோம். தந்தியை முறுக்கிக்கொண்டே போவதற்குச் சுருதி சேர்த்தல் என்று பெயரில்லை. அவ்வாறு செய்தால் தந்தி அறும். அறாவிட்டாலும் இசை கெடும். ஒவ்வொரு தந்தியும் தனக்குரிய இடத்தில் நிற்பதே சுருதி. காற்றுத் துப்பாக்கிக்கும் அதுவே நியதி. ஒரு குண்டு எவ்வளவு வேகமாகப் போயிற்று என்பதைவிட, பத்துக் குண்டுகளும் ஒரே வேகத்தில் போயினவா என்பதே கேட்கத்தக்க கேள்வி. இதனை விளக்கவே இவ்வுரை.

முதலில் கருவியின் உட்புறத்தைக் காண்போம். குழலுக்குப் பின்னால் ஓர் உருளை இருக்கிறது. அதனுள் ஒரு பிஸ்டன். பிஸ்டனின் பின்னே ஒரு வலிய சுருள்வில். பிஸ்டனின் முகத்தில் காற்றுக் கசியாதபடி தோலாலோ செயற்கைப் பொருளாலோ ஆன ஒரு வாஷர். குழலை மடக்கும்போது நாம் சுருள்வில்லை அமுக்குகிறோம். விசைக்கொக்கி அதனைப் பிடித்துக்கொள்கிறது. விசையை இழுத்தவுடன் வில் விடுபட்டுப் பிஸ்டனை முன்னே தள்ளுகிறது. உருளையிலுள்ள காற்று ஒரு சிறு துளையின் வழியாகக் குண்டின் பின்னே நெருக்கப்படுகிறது. திடீரென நெருக்கப்படும் காற்று கடுமையாகச் சூடேறும். மிதிவண்டிக்குக் காற்றடிக்கும் பம்பின் அடிப்பாகம் சூடாவதை நாம் தொட்டு அறிந்திருக்கிறோமே, அதுவேதான் இங்கும், ஆனால் பன்மடங்கு. அந்த அழுத்தம் போதிய அளவை எட்டியதும் குண்டு கிளம்புகிறது.

அந்தக் கணத்திலே இன்னொன்றும் நிகழ்கிறது. பிஸ்டன் முன்னோக்கிப் பாய்வதால் துப்பாக்கி பின்னோக்கி உதைக்கிறது. பிறகு நெருங்கிய காற்று மெத்தைபோல் நின்று பிஸ்டனைத் தடுக்க, துப்பாக்கி முன்னோக்கிக் குலுங்குகிறது. இந்த இருபுற அசைவு தொடங்கும்போது குண்டு இன்னும் குழலை விட்டு வெளியேறவில்லை. சுருள்வில் துப்பாக்கியைக் கொண்டு குறி தவறாமல் சுடுவது கடினம் என்று சொல்வதன் காரணம் இதுதான். வில்லின் வலிமையைக் கூட்டினால் இந்த அசைவும் கூடுகிறது. வில்லில் அடங்கிய ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் குண்டைச் சேர்கிறது. எஞ்சியது வெப்பமாகவும் அதிர்ச்சியாகவும் போகிறது என்பதை நினைவிற் கொண்டால், வலிய வில் போடுவோர் குண்டுக்குக் கொடுப்பதைவிடத் தம் தோளுக்கும் திருகாணிகளுக்குமே மிகுதியாகக் கொடுக்கிறார்கள் என்பது விளங்கும்.

இனி வேகத்துக்கு வருவோம். 4.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள குண்டின் எடை சாதாரணமாக அரை கிராம் அளவில் இருக்கும். 0.52 கிராம் என்று கொள்வோம். அது விநாடிக்கு 200 மீட்டர் வேகத்தில் சென்றால் அதன் ஆற்றல் 10.4 ஜூல். வேகம் 280 மீட்டராக உயர்ந்தால் ஆற்றல் 20.4 ஜூல். வேகம் நாற்பது சதவீதம் உயர, ஆற்றல் ஏறத்தாழ இரட்டித்து விடுகிறது. வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்து ஆற்றல் பெருகும் என்ற பள்ளிக்கூடப் பாடம் இங்கே நேரே கண்முன் நிற்கிறது. இந்த எண்ணை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். சட்டத்தைப் பற்றிப் பேசும்போது மீண்டும் தேவைப்படும்.

விளம்பரங்களில் விநாடிக்கு 1000 அடி, 1200 அடி என்று காண்கிறோம். மிக இலேசான குண்டுகளைக் கொண்டு அளந்த எண்களே பெரும்பாலும் அவ்வாறு அச்சிடப்படுகின்றன. ஒலியின் வேகம் விநாடிக்கு 340 மீட்டர் அளவு. அதை நெருங்கும்போது இடை சிறுத்த இந்த ஈயக் குண்டு நிலைதடுமாறிப் பாதை பிறழக்கூடும். உலகப் போட்டிகளில் பத்து மீட்டர் தூரத்தில் சுடும் வீரர்களின் துப்பாக்கி எவ்வளவு வேகம் உடையது என்று நினைக்கிறீர்கள்? விநாடிக்கு 170 மீட்டர் அளவுதான். கடையில் வாங்கும் பல துப்பாக்கிகளைவிட அது மெதுவானது. ஆனால் அந்த வீரர் குறிவைக்கும் பத்தாம் எண்ணின் புள்ளி அரை மில்லிமீட்டர், அவ்வளவே.

சமவேகம் ஏன் வேண்டும் என்பதையும் கணக்கிட்டே பார்க்கலாம். காற்றின் தடையை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், 200 மீட்டர் வேகமுள்ள குண்டு பத்து மீட்டர் தூரம் செல்வதற்குள் 12 மில்லிமீட்டருக்குச் சற்று மேலாகத் தாழ்கிறது. 190 மீட்டர் வேகமுள்ள குண்டு 13.5 மில்லிமீட்டர் தாழ்கிறது. இலக்கு அட்டையில் ஒரு வளையத்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளி இரண்டரை மில்லிமீட்டர். ஆகவே பத்து மீட்டர் வேக வேறுபாடு ஏறக்குறைய அரை வளையத்தைத் தின்றுவிடுகிறது. இருபத்தைந்து மீட்டர் தூரத்தில் அந்த வேறுபாடு 8 மில்லிமீட்டராக வளர்ந்துவிடும். கை நடுங்காமல், மூச்சடக்கி, சரியாகவே சுட்டாலும் கருவி இவ்வாறு ஏமாற்றிவிடுகிறது.

அப்படியானால் வேகத்தை அளப்பது எப்படி? இக்காலத்தில் குரோனோகிராப் என்னும் மின்கருவி உண்டு. இரண்டு ஒளியுணரிகளுக்கிடையே குண்டு கடக்கும் நேரத்தைக் கொண்டு அது வேகத்தைக் காட்டிவிடும். அது இல்லாதவர்களுக்கு இருநூற்றெண்பது ஆண்டுகளுக்கும் முற்பட்ட ஒரு வழி இருக்கிறது. பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் 1742 ஆம் ஆண்டில் பீரங்கிக் கலையைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். தொங்கும் மரக்கட்டையில் குண்டைச் செலுத்தி, கட்டை எவ்வளவு ஆடுகிறது என்று பார்த்துக் குண்டின் வேகத்தைக் கணக்கிடும் ஊசல் முறையை அதில் விளக்கினார். காற்றின் தடை எவ்வளவு பெரிது என்பது அதன் பின்னரே உலகுக்குத் தெரிந்தது. இந்த ராபின்ஸ் பின்னாளில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கோட்டைகளைச் செப்பனிடும் பொறியியல் தலைவராக இந்தியாவுக்கு வந்தார். 1751 ஜூலையில் கடலூரை அடுத்த புனித டேவிட் கோட்டையில் காலமானார்.

அவருடைய முறையை நாமும் செய்து பார்க்கலாம். அரைக் கிலோ எடையுள்ள கட்டை ஒன்றை ஒரு மீட்டர் நீளமுள்ள இரண்டு கயிறுகளில், திரும்பாதபடி தொங்கவிட வேண்டும். குண்டு தெறித்துத் திரும்பாமல் உள்ளேயே தங்குமாறு அதன் முகத்தைக் குடைந்து களிமண் அடைக்க வேண்டும். களிமண்ணும் சேர்ந்ததே அரைக் கிலோ. கட்டையின் பின்னே கனத்த தடுப்பும் சுடுவோர் கண்ணுக்குக் கண்ணாடியும் கட்டாயம் வேண்டும். 0.52 கிராம் குண்டு 200 மீட்டர் வேகத்தில் தாக்கினால் கட்டை ஏறத்தாழ 6.6 சென்டிமீட்டர் பின்னே ஆடும். அதாவது, ஒவ்வொரு சென்டிமீட்டர் ஆட்டமும் விநாடிக்கு 30 மீட்டர் வேகத்தைக் குறிக்கிறது. பத்து முறை சுட்டு, பத்து அளவுகளையும் எழுதி வைத்தால், துப்பாக்கியின் சாதகம் நம் கையில் கிடைத்துவிடும். அவற்றின் சராசரியைவிட அவற்றுக்குள் உள்ள வேறுபாடே நாம் ஆராய வேண்டியது.

வெளியூரிலிருந்து பெங்களூருக்கு வந்தவர்கள் இன்னொன்றையும் அறிந்துகொள்வது நல்லது. இந்நகரம் கடல்மட்டத்துக்கு மேல் 900 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் இருக்கிறது. இங்குக் காற்றழுத்தம் சென்னையில் உள்ளதைவிட ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறைவு. பிஸ்டனுக்கு முன்னே அடைபடும் காற்றும் அவ்வளவுக்குக் குறைவு. குண்டைத் தடுக்கும் காற்றும் குறைவு. ஆதலால் சென்னையில் குறி சரிசெய்த துப்பாக்கி இங்கு வந்ததும் சற்றே வேறிடத்தில் சுட்டால் கருவி பழுதாகிவிட்டது என்று எண்ண வேண்டியதில்லை. புதிய ஊருக்குத் தக்கபடி அதற்கும் மீண்டும் சுருதி சேர்க்க வேண்டும்.

சுருதி சேர்க்கும் முறைகள் எளியவை. முதலாவது, வெளித்திருகாணிகள்: கட்டையையும் குழலையும் இணைக்கும் ஆணிகள் அதிர்ச்சியால் தளரும், அவற்றை இறுக்குவதே பாதி வைத்தியம். இரண்டாவது, குண்டு: ஒரே எடையும் ஒரே வடிவும் உள்ள, வாய் நசுங்காத குண்டுகளைத் தேர்ந்துகொள்ள வேண்டும். மிக இலேசான குண்டு சீக்கிரம் கிளம்பிவிடுவதால் பிஸ்டன் மெத்தையின்றி மோதும். மிகக் கனத்த குண்டு தாமதிப்பதால் பிஸ்டன் பின்னுக்குத் துள்ளும். ஒவ்வொரு துப்பாக்கிக்கும் உகந்த குண்டு எதுவென்று சுட்டே அறிய வேண்டும். மூன்றாவது, வாஷர்கள்: பிஸ்டன் முகத்திலும் குழல் மடங்கும் இடத்திலும் உள்ளவை தேய்ந்தால் வேகம் ஒருமுறை கூடியும் ஒருமுறை குறைந்தும் காணும். நான்காவது, சுருள்வில்: அது நேராக இருக்கிறதா, தன் வழிகாட்டித் தண்டின்மேல் ஆட்டமின்றிப் பொருந்துகிறதா என்று பார்த்து, கெட்டியான கிரீஸை மெல்லப் பூசினால் நாண் அதிர்வதுபோன்ற ஓசை அடங்கும். வில்லைக் கழற்றுவது பழகாதவர் செய்யத்தக்க வேலையன்று; அமுக்கப்பட்ட வில் பிடி நழுவிப் பாய்ந்தால் பெருங்காயம் விளையும். அதைக் கைதேர்ந்தவரிடம் விடுவதே முறை.

உருளைக்குள் எண்ணெய் விட்டால் வேகம் கூடும் என்று சிலர் சொல்வார்கள். கூடுவது உண்மைதான். சூடேறிய காற்றில் எண்ணெய் டீசல் எஞ்சினில் எரிவதுபோல் எரிகிறது. இங்கிலாந்தில் கார்ட்யூ என்னும் இரு ஆய்வாளர்கள் பிராணவாயு கலவாத நைட்ரஜனில் துப்பாக்கியைச் சுட்டுப் பார்த்து, வேகம் வெகுவாகக் குறைவதைக் கண்டார்கள். சிறிதளவு எரிதல் இயல்பாகவே நிகழ்கிறது என்பது இதனால் தெரிந்தது. ஆனால் வேண்டுமென்றே எண்ணெய் விட்டால் அந்த எரிதல் ஒருமுறைபோல் மறுமுறை இராது, வாஷர் கருகும், வில் முறியும். குண்டு இல்லாமல் வெறுமனே சுடுவதும், வில்லை அமுக்கிய நிலையிலேயே நெடுநேரம் வைத்திருப்பதும் இவ்வாறே கேடு செய்பவை.

பிடிக்கும் முறையும் சுருதியின் ஒரு பகுதிதான். துப்பாக்கியை இறுகப் பற்றினால் அது ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாக உதைக்கும். திறந்த உள்ளங்கையின்மேல் இலேசாகத் தங்கவிட்டு, அது தன் இயல்பில் அசைய இடங்கொடுத்தால், ஒவ்வொரு முறையும் ஒரேவிதமாக அசையும். குழந்தையை ஏந்துவதுபோல் ஏந்த வேண்டும் என்றே சொல்லலாம்.

இனிச் சட்டம். 2016 ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, குழல் விட்டம் 4.5 மில்லிமீட்டரையோ, குண்டின் ஆற்றல் 20 ஜூலையோ கடந்தால் அந்தக் காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டும். முன்பு கண்ட கணக்கை நினைத்துப் பாருங்கள். 0.52 கிராம் குண்டு விநாடிக்கு 277 மீட்டரைத் தாண்டினால் எல்லை கடந்தாயிற்று. கடையில் வாங்கும்போது சட்டத்துக்கு உட்பட்டிருந்த கருவியை, வலிய வில் ஒன்றைப் போட்டு, அறியாமலே சட்டத்துக்குப் புறம்பானதாக்கிவிடலாம். காட்டுப் பறவைகளை வேட்டையாடுவதை 1972 ஆம் ஆண்டின் வனவுயிர்ச் சட்டம் தடுக்கிறது என்பதும் மனத்தில் இருக்க வேண்டும்.

சட்டத்தினும் பெரியது அயலார் நலம். விவேக் நகரின் தெருக்கள் குறுகியவை; ஒரு மாடியிலிருந்து எட்டினால் அடுத்த மாடி. ஒருவர் வீட்டுக் கொடியில் துணி உலர்கையில், மறுவீட்டுக் குழந்தை பட்டம் விட்டுக்கொண்டிருக்கும். குறி தவறிய குண்டு சில நூறு மீட்டர் போகும். கண்ணைக் கெடுக்க அதன் வேகத்தில் ஒரு சிறு பகுதியே போதும். ஆகையால் மொட்டை மாடியில் சுடுவதை அறவே விலக்கி, பயிற்சிக் கூடத்திலோ, நாற்புறமும் சுவரடைத்த இடத்தில் குண்டை வாங்கிக்கொள்ளும் பெட்டியை வைத்தோ சுட வேண்டும். பத்து மீட்டர் இடம் போதும். உலகப் போட்டிக்கே அவ்வளவுதான் தேவைப்படுகிறது.

அந்தப் பத்து மீட்டரில் பெரும்புகழ் ஈட்டியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். சென்னையில் பிறந்து ஐதராபாத்தில் வளர்ந்த ககன் நாரங் 2012 ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் காற்றுத் துப்பாக்கிப் பிரிவில் வெண்கலம் வென்றார். 1999 ஆம் ஆண்டு கடலூரில் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே குடும்பத்துடன் ஆமதாபாத்துக்குச் சென்று வளர்ந்த இளவேனில் வாலறிவன் 2019 ஆம் ஆண்டில் உலகக் கோப்பைத் தங்கம் வென்றார். டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக் போட்டிகளிலும் இந்தியாவுக்காகச் சுட்டார். அவர்கள் ஏந்துவது அழுத்திய காற்றுக் கலனுடைய நவீனத் துப்பாக்கி. சுருள்வில்லின் உதைப்பு அதில் இல்லை. எனினும் அவர்கள் போற்றும் நெறி ஒன்றே: ஒவ்வொரு குண்டும் முந்திய குண்டைப் போலவே செல்ல வேண்டும். குண்டின் வேகத்தை அளக்க உலகுக்குக் கற்பித்தவர் கடலூரில் மறைந்தார். அந்த வேகத்தை அடக்கி ஆளும் பெண் கடலூரில் பிறந்தார். பிறந்த ஊரை விட்டு வந்து வேற்று மாநிலத்தில் வாழும் நம் பிள்ளைகள் அடுத்த முறை “வேகத்தைக் கூட்டுவது எப்படி?” என்று கேட்டால், “முதலில் அதை அளந்து பார், பிறகு சமமாக்கு” என்று நாம் சொல்வோமாக. வேகம் வில்லிலிருந்து வரும். நேர்மை சுடுபவனிடமிருந்துதான் வர வேண்டும்.