மந்திரமன்று, தந்திரம்

கைத்தந்திரக் கலைக்கு நம் மொழியில் செப்பிடுவித்தை என்றொரு பெயர் உண்டு. செப்பு என்பது சிமிழ் போன்ற சிறு கலம். மூன்று செப்புகளைக் கவிழ்த்து, அவற்றின்கீழ் உருண்டைகளைத் தோன்றவும் மறையவும் செய்யும் வித்தை மிகப் பழையது. ஆதலால் ஒரு வித்தையின் பெயரே கலை முழுமைக்கும் பெயராகி நின்றது. கி.பி. முதல் நூற்றாண்டில் உரோமாபுரியில் வாழ்ந்த செனேக்கா என்னும் அறிஞரும் தம் கடிதமொன்றில் இதனைக் குறிப்பிடுகிறார். இவ்வித்தை தீங்கின்றி மகிழ்விப்பது என்றும், செய்யும் வகை தெரிந்துவிட்டால் தமக்கு அதில் சுவை போய்விடும் என்றும் அவர் கருதினார். அவர் கூறியவற்றுள் முன்னதை நான் ஒப்புகிறேன், பின்னதை ஒப்புவதற்கில்லை. அதன் காரணம் என் வாழ்க்கையிலேயே இருக்கிறது.

எனக்குப் பத்து வயதிருக்கும். எங்கள் ஊர்ச் சந்தையில், புளியமரத்தடியில், முதியவர் ஒருவர் துணியை விரித்து அமர்வார். குமிழ் வைத்த மூன்று மரச்செப்புகளும், துணியாலான சில உருண்டைகளுமே அவருடைய முதல். ஆட்டம் தொடங்குமுன், “மந்திரமில்லை ஐயா, தந்திரம், எல்லாம் வயிற்றுப்பாட்டுக்கு” என்று கூறுவார். வாரந்தோறும் சென்று பார்த்தேன். ஒருநாள் அவர் முகத்தைப் பாராமல் கையையே பார்த்தேன். ஆட்டம் முடிந்ததும் அவர் என்னை அருகழைத்து, “பிடித்துவிட்டாய், தம்பி” என்று சிரித்தார். பிறகு கற்றுக்கொடுத்தார்.

அதன் சூழ்ச்சி எளிது. வலக்கை உருண்டையை இடக்கையில் இடுவதுபோல் கொண்டு சென்று, உண்மையில் வலக்கை விரல்களின் அடியிலேயே நிறுத்திக்கொள்ள வேண்டும். இடக்கை மூடும், வித்தை செய்பவன் இடக்கையையே நோக்குவான். அவன் பார்வை செல்லும் வழியே காண்போர் பார்வையும் செல்லும். கையைக் காட்டிலும் கண்ணே அதிகம் ஏமாற்றுகிறது! இதை அறிந்தபோது என் வியப்புக் குறையவில்லை, இருமடங்காயிற்று. சில மாதங்களில் அவர் தம் பழைய செப்புகளை எனக்கே தந்துவிட்டார்.

எனக்குப் பதினேழு வயதானபோது என் தமக்கையார் கடும் வயிற்றுவலியால் துடித்தார். யாரோ செய்வினை வைத்துவிட்டதாகக் கூறி ஒருவன் வீட்டிற்கு வந்தான். எலுமிச்சம்பழத்தால் வயிற்றைத் தடவி, முணுமுணுத்து, எழுத்துக் கீறிய செப்புத்தகட்டுத் துண்டொன்றை ‘எடுத்து’க் காட்டினான். கூடியிருந்தோர் கைகூப்பினர். நானோ, அவன் வலக்கையின் இரு விரல்கள் இயற்கைக்கு மாறாக மடிந்திருந்ததை முன்னரே கண்டேன். சந்தையில் நான் கற்ற அதே பிடி! நா எழவில்லை. தந்தையார் முன்னும் பெரியோர் முன்னும் பேச அஞ்சினேன். அவன் அக்காளின் தங்க வளையல்களைப் பெற்றுக்கொண்டு போனான்.

நான்கு நாள் கழித்து மருத்துவமனைக்குக் கொண்டு சென்றபோது, குடல்வால் சீழ்பிடித்து உடைந்திருந்தது. அறுவை செய்து, ஒரு திங்களுக்குப் பின்னரே உயிர் பிழைத்தார் என்னும் உறுதி பிறந்தது. அன்றே செப்புகளைப் பரணில் எறிந்தேன். அறிந்த கை ஊமையாயிருந்ததே என்னும் எண்ணம் என்னை விடவில்லை.

ஆண்டுகள் பல சென்றன. ஒரு நூலில் ரெஜினால்டு ஸ்காட் என்பவரைப் பற்றிப் படித்தேன். இங்கிலாந்தில், சூனியக்காரிகள் எனப் பழிசுமத்தி ஏழைப் பெண்களைக் கொன்ற காலத்தில், 1584ஆம் ஆண்டில், அவர் ஒரு நூல் வெளியிட்டார். பேயின் வேலை என மக்கள் அஞ்சியவற்றுள் பல வெறும் கைத்திறனே என்பதைக் காட்ட, உருண்டை, நாணயம், சீட்டு ஆகியவற்றால் செய்யும் வித்தைகளின் வகையை அதில் விளக்கினார். நம் காலத்திலும், கேரளத்தில் பிறந்து இலங்கையில் வாழ்ந்த ஆபிரகாம் கோவூர், மோசடிக்கு இடமில்லாத நிலையில் அற்புதம் நிகழ்த்துவோர்க்கு இலட்ச ரூபாய் தருவதாக 1963ஆம் ஆண்டில் அறிவித்தார். 1978ஆம் ஆண்டில் அவர் மறையும் வரை எவரும் அதனைப் பெற்றாரில்லை. நான் மறைத்ததை இவர்கள் வாய்விட்டுச் சொன்னார்கள்.

பொங்கலுக்கு வெள்ளையடிக்கையில் அக்காளே பரணிலிருந்து அச்செப்புகளை எடுத்து வந்து, “இதை ஏன் தம்பி விட்டுவிட்டாய்?” என்று கேட்டார். முப்பதாண்டு மறைத்ததை அன்று சொன்னேன். அவர் சினக்கவில்லை. ஓர் எலுமிச்சம்பழத்தையும் ஒரு தகரத் துண்டையும் என்முன் வைத்து, “செய்து காட்டு” என்றார். செய்தேன். நெடுநேரம் என் கையையே பார்த்திருந்துவிட்டு, “இன்னொரு தரம், இம்முறை மெதுவாக” என்றார்.

அன்று முதல் மீண்டும் பழகுகிறேன். விரல்கள் விறைத்துப் போயிருந்தமையால், கணக்கை நம்பும் சீட்டு வித்தையொன்றில் தொடங்கினேன். நீங்களும் இன்றிரவே செய்யலாம். இருபத்தொரு சீட்டுகளை, முகம் தெரியும்படி, வரிசைக்கு மூன்றாக ஏழு வரிசை இடுங்கள். மூன்று பத்திகள் அமையும். நண்பர் ஒரு சீட்டை மனத்தில் எண்ணி, அது உள்ள பத்தியை மட்டும் சொல்லட்டும். அப்பத்தியை மற்ற இரண்டிற்கும் நடுவே வைத்து அடுக்கி, வரிசை மாறாமல் மீண்டும் இடுங்கள். இவ்வாறு மும்முறை செய்தால் அச்சீட்டு பதினோராவதாக நிற்கும். முதன்முறை அது எட்டு முதல் பதினான்குக்குள் அடங்கும். இரண்டாம் முறை பத்து, பதினொன்று, பன்னிரண்டுக்குள். மூன்றாம் முறை நட்டநடுவே. காகிதத்தில் எழுதிப் பாருங்கள். வகை தெரிந்தபின் சுவை போகிறதா, வளர்கிறதா என்பதை நீங்களே சொல்லுங்கள்.

இப்போது பள்ளிகளுக்குச் சென்று வித்தை காட்டுகிறேன். தொடங்குமுன் அம்முதியவர் சொன்னதையே நானும் சொல்கிறேன். அக்காள் இயன்றபோதெல்லாம் முன்வரிசையில் அமர்ந்திருப்பார். அவர் இன்றும் என் முகத்தைப் பார்ப்பதில்லை, கையையே பார்க்கிறார்.